ஈயக்குட்டைக்குப் போன சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஈப்போ சுண்ணாம்பு மலைகளைச் சுற்றிவரும் செம்மண் பாதைகளில் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிறீர்கள், என் வயதுக்கார நண்பர்களே. தலைக்குக் கவசம், கைக்கு உறை, தொந்தியை ஊருக்கே காட்டிக்கொடுக்கும் இறுக்கமான சட்டை. பிள்ளைகளை ஆளாக்கி அனுப்பிவிட்டு, சின்ன வயதில் கிடைக்காத மவுண்டன் பைக்கை இப்போது வாங்கியிருக்கிறீர்கள். நல்லது, ஓட்டுங்கள். ஓட்டி முடித்து ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்ததும் எனக்குப் படம் அனுப்பி, “நீயும் வாடா மச்சான்” என்கிறீர்கள். முட்டி வலி என்று நான் சொல்லிக்கொண்டிருப்பது பொய். என் முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. முட்டி போனது என் அக்காவுக்கு.

நீங்கள் விடாமல் கூப்பிடுவதால் ஒருமுறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. பத்து காஜா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். ஒரு பாதி ரப்பர். மறு பாதியில் மரங்களைச் சாய்த்து, பாமாயிலுக்குச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் பால்வெட்டுக்குப் போவார்கள். அப்பா பழைய மோட்டார் ஒன்று வாங்கியபோது, அதுவரை அவர் மிதித்த சைக்கிள் எனக்கு வந்தது. பால்வாளிகளைச் சுமந்து சுமந்து அதன் கேரியர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எத்தனை தரம் கழுவினாலும் புளித்த ரப்பர்ப்பால் வாடை போகாது. கைப்பிடியில் பிரேக் என்று எதுவும் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் வண்டி நிற்கும். அந்தப் பிரேக் பின்சக்கரத்தின் நடுவில், இரும்புக் கூட்டுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். வெளியே யார் கண்ணுக்கும் தெரியாது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் பள்ளி விடுமுறையில் அம்மாவோடு ஈப்போவுக்குப் போனேன். அம்மா துணிக்கடையில் பேரம் பேசிக்கொண்டிருக்க, நான் எதிர்க்கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு சைக்கிள். டயர் முழுக்கக் கட்டை கட்டையாகப் பற்கள். நேரான கைப்பிடி. பின்னால் அடுக்கடுக்காகப் பல்சக்கரங்கள். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, சங்கிலி மூடி இல்லை. பக்கத்திலேயே அது மலையில் ஏறுகிற மாதிரி ஒரு படம். அம்மா பையோடு வந்து நின்று, அதை மேலும் கீழும் பார்த்தார்.

“பாவம்லா. யாரோ சாமானெல்லாம் கழட்டிட்டுப் போயிட்டாங்க போல.”

அன்றைக்குப் பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் நான் அந்தச் சைக்கிளை மனசுக்குள் பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். வாங்க முடியாது என்பது எனக்கே தெரியும். ஆனால் செய்ய முடியாதா?

டவுனில் ஒரு சீனர் சைக்கிள் கடை வைத்திருந்தார். கடைக்காரர்களைக் கூப்பிடுகிறபடி அவரையும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குச் சண்டை மீன் பைத்தியம். எங்கள் தோட்டத்து ஓடையில், செம்பனைக்காக வெட்டிய வாய்க்கால்களில் அந்த மீன் நிறைய இருந்தது. ஜாம் போத்தலில் பிடித்துக்கொண்டு போனால், போத்தலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். மீன் செவுளை விரித்துக் காட்டினால் கடையின் பின்பக்கம் கையை நீட்டுவார். அங்கே பழைய சைக்கிள் சாமான்கள் குன்று மாதிரி குவிந்து கிடக்கும். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். நான் கடை வாசலில் தலையைக் காட்டினாலே போதும்.

“தம்பி, ஈக்கான் அடா?”

மீன் இருக்கா என்பதுதான் அவர் எனக்குச் சொல்லும் வணக்கம்.

அப்படித்தான் ஒவ்வொன்றாக வந்தது. முதலில் நேரான கைப்பிடி. பிறகு, பாதி தேய்ந்துபோன பல் டயர்கள். அதற்குப் பிறகு முன்சக்கரமும், ஐந்து பல்சக்கரங்களோடு பின்சக்கரமும். இரண்டும் அலுமினியம். யாரோ பணக்கார வீட்டுப் பிள்ளை எங்கேயோ மோதி வளைத்துப் போட்டவை. ஆரக்கம்பிகளை ஒரு பக்கம் முறுக்கி, மறு பக்கம் தளர்த்தி, சுற்றிவிட்டுப் பார்த்து, மறுபடி முறுக்கி, ஒரு வாரம் போராடி நேராக்கினேன். பின்சக்கரம் மாறியதால் அப்பாவின் பிரேக்கும் அதோடு போனது. அதற்குப் பதில் கைப்பிடியில் பிரேக். கையால் இழுத்தால், இரண்டு கறுப்பு ரப்பர்க் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். தவுக்கே சட்டத்தில் ஓட்டை போட்டு அதைப் பொருத்திக் கொடுத்தார். ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, “பாகுஸ், பாகுஸ்”, நல்லா இருக்கு என்றார். நன்றாகத்தான் பிடித்தது.

நீங்கள் இப்போது சங்கிலிக்கு ஒரு எண்ணெய், கியருக்கு ஒரு எண்ணெய் என்று வெளிநாட்டு டப்பாக்கள் வாங்குகிறீர்கள். எனக்கு ஒரு மண்ணெண்ணெய்க் கிண்ணமும் பழைய பல்துலக்கியும் போதுமாக இருந்தன. சாயங்காலம் சங்கிலியைக் கழற்றி ஊறவைத்து, ஒவ்வொரு கண்ணியாகத் தேய்ப்பேன். கையில் அந்த வாடை பள்ளிக்கூடம் வரைக்கும் வரும். பிறகு ரப்பர் மர நிரைகளுக்குள் ஓட்டிக்கொண்டு போவேன். மேட்டில் ஏறும்போது கியர் மாற்றினால் கால் சட்டென்று லேசாகும். முதல்முறை அப்படி ஆனபோது யாரோ பின்னால் பிடித்துத் தள்ளுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். இறக்கத்தில் டயருக்கடியில் ரப்பர்க் கொட்டைகள் பட் பட்டென்று வெடிக்கும். கொசு வாய்க்குள் போகும். அந்தச் சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு வேறு எதிலும் கிடைத்ததில்லை. சொல்வதற்கு வெட்கமாக இல்லை.

கோயில் பூசாரிக்குத்தான் பிடிக்கவில்லை. “செத்துப்போன சைக்கிளுங்க சாமானையெல்லாம் சேத்து ஒரு சைக்கிள் பண்ணியிருக்கான் பாரு. இது வீட்டுக்கு ஆவாது” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா சிரித்தார்.

இனி அக்கா. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஈப்போவுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் ரேடியோவுக்குள் வைக்கும் பொடிச் சாமான்களை ஒட்டும் வேலை. எங்கள் வீட்டிலிருந்து தோட்டத்துக்கு வெளியே வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான். பாகான் டத்தோவில் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒரு குடும்பம் அவளைப் பெண் கேட்டு இரண்டு முறை வந்துபோனது. அக்கா அசையவில்லை.

“அந்தத் தென்னந்தோப்புக்குள்ள போயி என்னால உக்கார முடியாதும்மா. எங்க சூப்பர்வைசர் என்னைய லைன் லீடரா போடப் போறாங்க. இன்னும் கொஞ்ச நாளு விடுங்க.”

தொழிற்சாலை பஸ் தோட்டத்துக்குள் வராது. விடிவதற்குள் பெரிய ரோட்டுச் சந்திக்குப் போய் நிற்க வேண்டும். அந்நேரம் அப்பா, வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிவிடுவார். அதனால் அக்கா நடந்துதான் போவாள். என் சைக்கிள் தயாரானதிலிருந்து அவளுக்கு நடை மிச்சம். சந்தி மளிகைக்கடையில் வைத்துவிட்டுப் போவாள். நான் பின்னாலேயே நடந்து போய் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போவேன். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“அப்பாவோட பெல்ல மட்டும் கழட்டாதடா. பெல் இல்லாத சைக்கிள்ல நான் ஏற மாட்டேன்.”

மவுண்டன் பைக்கில் எங்கேயாவது பித்தளை பெல் இருக்குமா? என் சைக்கிளில் இருந்தது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. தோட்டத்தில் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பால்வெட்டுக் கத்தி, வாளி, பாராங் வெட்டுக்கத்தி, அம்மாவின் அரிவாள்மனை, அக்காவின் தொழிற்சாலை அடையாள அட்டை என்று எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். மோட்டாரும் சைக்கிளும் வாசலில். வருஷா வருஷம் அம்மா முதல்நாள் மத்தியானமே இரும்புச் சாமான் அத்தனைக்கும் நல்லெண்ணெய் தடவித் துடைத்துவிடுவார். மழைக்காலத்தில் துரு பிடிக்காமல் இருக்க அதைவிட நல்ல வழி இல்லை. அப்பாவின் சைக்கிளுக்கும் சட்டம், ஆரக்கம்பி, சக்கர விளிம்பு என்று ஓரிடம் விடாமல் தடவுவார். அதனால் ஒன்றும் ஆனதில்லை. ஏன் ஆகவில்லை என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

அந்த வருஷம் முதல்நாள் மத்தியானம் நான் வீட்டில் இல்லை. வாழைக்கன்று வெட்டிவரப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது என் சைக்கிள் ஈப்போ கடையில் பார்த்ததைவிடப் பளபளவென்று நின்றது. அம்மா அதற்குப் பக்கத்தில் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“எம் புள்ள எவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சது. நல்லா இருக்காடா?”

நல்லா இருக்கும்மா என்றேன். அழகாகத்தான் இருந்தது. சந்தனம், குங்குமம், கைப்பிடியில் மாலை. பூஜை முடிகிறவரை யாரும் அதைத் தொடக்கூடாது.

பூஜை முடிந்த மறுநாள் விடிகாலை அம்மா சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அக்கா சீருடையில், சாப்பாட்டு டப்பாவைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு ஏறினாள். பழம் நசுங்கியது. சிரித்துக்கொண்டே பெல்லை அடித்தாள். நான் வழக்கம்போலப் பின்னால் நடந்தேன்.

எங்கள் வீட்டு வரிசையான லயத்தைத் தாண்டியதும் சந்தி வரை இறக்கம். முடிவில் ஒரு வளைவு, வளைவில் சிமெண்டு லோங்காங், மழைத் தண்ணீர் ஓடும் ஆழமான சாக்கடை. நான் மேட்டில் நின்றபோது அவள் பாதி இறக்கத்தில் இருந்தாள். வழக்கமாக அந்த இடத்தில் வேகம் குறையும். குறையவில்லை. முதுகு விறைத்தது. இரண்டு கையாலும் பிரேக்கை இழுப்பது தெரிந்தது.

“டேய் தம்பி! நிக்க மாட்டேங்குதுடா!”

அவ்வளவு தூரத்திலிருந்து நான் என்ன செய்ய? ஓடினேன். ஓடிக்கொண்டே, “பின்னால மிதி! பின்னால மிதி!” என்று கத்தினேன். அப்பாவின் பழைய சைக்கிளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நான் கத்துவதற்கு முன்பே அவள் மிதிக்கத் தொடங்கியிருந்தாள். சின்ன வயதிலிருந்து பழகிய கால்கள் அல்லவா. அந்தப் பின்சக்கரத்தில் அப்படி மிதித்தால் ஒன்றும் நடக்காது, பெடல் சும்மா சுற்றும். அவள் கால்கள் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தன. வண்டி முன்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஓடியதுதான் நான் செய்தது. பெல் ஒருமுறை தானாக அடித்தது. அப்புறம் சத்தம் இல்லை.

லோங்காங்கிலிருந்து தூக்கி, தோட்டத்து லோரியில் பத்து காஜா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலது முட்டி நொறுங்கியிருந்தது. அம்மா அங்கேயே தங்கிவிட்டு, இரண்டாம் நாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தார். அடுப்படியில், “யாரு கண்ணு பட்டுச்சோ, எம் புள்ள காலு போச்சே” என்று அழுதுகொண்டிருந்தார். வெளியே சுவரில் சாத்தி வைத்திருந்த சைக்கிளிடம் அப்பா போனார். பிரேக்கை இழுத்துப் பார்த்தார். சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றியது. விளிம்பில் ஒரு விரலை ஓட்டினார். முகர்ந்தார். ரப்பர்க் கட்டைகளையும் தடவினார். அவையும் வழவழவென்று இருந்தன. காய்ந்துபோன ரப்பருக்கும் பாவம் என்று அம்மா கொஞ்சம் தடவியிருக்கிறார். நான் பக்கத்தில் நின்றேன். அப்பா விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். நல்லெண்ணெய்.

அடுப்படி பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தார்.

“வாயத் தொறக்காத. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா உசுர வச்சிருக்க மாட்டா. புரியுதா?”

தலையாட்டினேன். அடுத்த நிமிஷம் அவர் லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தத் தொடங்கினார்.

“எல்லாம் இவனால வந்தது! நல்லா ஓடிக்கிட்டு இருந்த சைக்கிளப் பிரிச்சுப் போட்டு, கண்ட குப்பையையும் மாட்டி, அக்கா காலை ஒடிச்சுட்டான்!”

பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. பூசாரியும் வந்து நின்றார். அவருக்கென்ன, சொன்னது பலித்துவிட்டது. நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். திட்டிக்கொண்டிருந்த வாய் ஒன்று சொன்னது, கண் ஒன்று சொன்னது. பதினான்கு வயதில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அழக்கூடத் தோன்றவில்லை. அடுப்படியில் அம்மாவின் அழுகை நின்றிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அப்பா சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, தோட்டத்து எல்லையில் ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டைக்கு நடந்தார். என்னையும் வரச் சொன்னார். குட்டைத் தண்ணீர் பச்சையாக, ஆட்டமில்லாமல் இருந்தது. கரை வெள்ளை மணல். “அம்மா கேட்டா நீ செஞ்சதுன்னே இருக்கட்டும்பா” என்றார். அப்புறம் வீசினார். பல் டயர் ஒன்று கொஞ்ச நேரம் தண்ணீருக்கு மேலே நின்றது. நான் ஒரு வாரம் போராடி நேராக்கிய சக்கரம். பிறகு அதுவும் போனது, பெல்லோடு சேர்த்து. ஒரு துணியால் துடைத்து, இரண்டு ரப்பர்க் கட்டையை மாற்றியிருந்தால் சரியாகியிருக்கும். அதை யாரிடம் சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் அம்மா சோறு போட்டார். தன் பங்கு மீனையும் எடுத்து என் தட்டில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம் என்று நினைத்தேன்.

அதன் பிறகு தோட்டத்தில் எனக்கு ஒரு பேர் கிடைத்தது. அக்கா காலை ஒடித்தவன். யார் வீட்டிலாவது சைக்கிள் சங்கிலி கழன்றால்கூட, “அவன்கிட்ட குடுக்காதீங்கலா” என்று சிரிப்பார்கள். அக்காவின் கட்டு பிரித்தபோது முட்டி மடங்கவில்லை. நீண்ட நேரம் ஒரே மாதிரி உட்கார முடியவில்லை. தொழிற்சாலை வேலை போனது. லைன் லீடர் கதையை அவள் திரும்பப் பேசவே இல்லை. பாகான் டத்தோக்காரர்கள் மூன்றாம் முறை வந்தார்கள். கால் இப்படியிருந்தும் கேட்கிறார்களே என்று ஊரே அவர்களைப் புகழ்ந்தது. அக்கா அந்தத் தென்னந்தோப்புக்குள்தான் போய் உட்கார்ந்தாள். கல்யாணத்தன்று அவளைக் காடியில் ஏற்றும்போது காலை நீட்டி வைக்க இடம் போதாமல் முன் சீட்டை நகர்த்தினார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா போய்விடுவார் என்று அப்பா என் வாயைப் பூட்டியிருந்தார்.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. அம்மா போன வருஷம் போனார். கடைசி வரை என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நல்ல வேளை, அம்மா தெரியாமலே போய்ச் சேர்ந்தார் என்று நெருப்பு வைக்கும்போதுகூட நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். இப்போது மகனோடு ஈப்போவில் இருக்கிறாள். வாசலில் பேரனின் மவுண்டன் பைக். அக்கா காலை நீட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து சந்தனப்பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் உள்ளேயிருந்து நல்லெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அக்கா அதை எடுத்துத் தள்ளி வைத்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் சும்மா இருந்திருக்கலாம்.

“இந்த சைக்கிளுக்கு வைக்கலாம்க்கா. இப்பல்லாம் பிரேக்கு நடுவுல தட்டுல இருக்கு. விளிம்புல பட்டா ஒண்ணும் ஆவாது.”

அக்காவின் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“உனக்குத் தெரியுமா?”

“என்னாது?”

“எண்ண வச்சது.”

அவளே சொன்னாள்.

“ஆஸ்பத்திரில மொத நாளே அம்மா சொல்லிட்டாங்கடா. எனக்குக் கட்டுப் போட்டுப் படுக்க வச்சிருந்தாங்க. பிரேக்கு வழுக்கிட்டுப் போச்சுன்னு அம்மாகிட்ட சொல்லியிருந்தேன். என் சட்டைய அலசிக்கிட்டு இருந்தவங்க, கைப்பக்கம் எண்ணக் கறைய பாத்துட்டு ஓடியாந்தாங்க. ‘நான்தாண்டி வச்சேன், பிரேக்கு அங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதுடி’ன்னு என் கைய புடிச்சுக்கிட்டு அழுதாங்க. அப்பாகிட்டயும் தம்பிகிட்டயும் சொல்லிடாதன்னு சத்தியம் வாங்குனாங்க.”

“மொத நாளேவா?”

“மொத நாளே.”

அப்படியென்றால் மறுநாள் அப்பா வாசலில் நின்று கத்தியபோது, அடுப்படியில் அழுகையை நிறுத்திவிட்டு அம்மா கேட்டுக்கொண்டிருந்தது... மீனை எடுத்து என் தட்டில் வைத்தது...

“அப்பாவுக்கும் தெரியும்க்கா. அம்மாகிட்ட சொல்லாதன்னாரு. அதுக்காகத்தான் சைக்கிளயே குட்டையில போட்டாரு.”

அக்காவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பாவம்டா நீ” என்றாள். “நான் சத்தியம் பண்ணிட்டேன்டா.”

யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. நாலு பேருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை நாலு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மறைத்தே ஒரு குடும்பம் நடத்தியிருக்கிறோம். அதில் கால் போனது அவளுக்கு. பேர் போனது எனக்கு.

பேரன் உள்ளேயிருந்து ஓடிவந்தான். மருமகள் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. வீட்டு முன்னால் சின்ன இறக்கம்தான், முடிவில் கேட்டு. அவன் கேட்டருகே போய் பிரேக்கைப் பிடித்தான். வண்டி நின்றது. திரும்பி எங்களைப் பார்த்தவன் முகம் மாறியது.

“என்னா பாட்டி? ஏன் ரெண்டு பேரும் எந்திரிச்சு நிக்கிறீங்க?”